கடையை மேப்பில் சேர்ப்பது: பலகையும் பதிவும்

மாவு மில் நடத்துகிறவரிடம் கூகுள் மேப்பில் கடையைச் சேருங்கள் என்றால், "நம்ம மில்லு தெரியாதவங்க இந்த ஏரியாவுல யாரு?" என்று கேட்பார். நியாயமான கேள்விதான். நாலைந்து தெருவுக்கு அந்த மில் ஓடும் சத்தமே விளம்பரம். ஆனால் அதே நாலைந்து தெருவில் வாடகை வீடுகளில் ஆள் மாறிக்கொண்டே இருக்கிறார்கள். புதிதாகக் குடிவந்தவருக்கு மிளகாய்த் தூள் எங்கே அரைப்பது என்று தெரியாது. தீபாவளிக்கு முந்தின வாரம் வழக்கமான மில்லில் வரிசை நீண்டிருந்தால் பழைய ஆளும் வேறு மில் தேடுவார். கேழ்வரகு அரைப்பார்களா, மிளகாய்க்குத் தனி இயந்திரம் உண்டா, ஞாயிறு திறந்திருக்குமா என்று பார்த்துவிட்டு வர, தூக்குவாளியோடு வெயிலில் நடக்க யாருக்கும் மனம் வராது. இவர்கள் எல்லாரும் கேட்பது கைபேசியைத்தான். அப்படிக் கேட்பவருக்கு உங்கள் கடை சரியான விவரத்தோடு தென்படச் செய்ய வேண்டியவற்றை வரிசையாகச் சொல்வது இந்த அத்தியாயம். எடுத்துக்காட்டு முழுக்க ஒரு மாவு மில்தான். உங்களுடையது டெய்லர் கடையோ சைக்கிள் கடையோ, வேலை வரிசை மாறாது.

வேலையில் இறங்கும் முன் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். இந்தப் பதிவை விளம்பரம் என்று நினைப்பதால்தான் பெரும்பாலான சிக்கல்கள் வருகின்றன. விளம்பரத்தில் கொஞ்சம் கூட்டிச் சொல்வது ஊர் வழக்கம். இந்தப் பதிவோ கிரயப் பத்திரத்தைப் போன்றது. பத்திரத்தில் ஒரு சென்ட் கூட்டி எழுதினால் நிலம் கூடாது, வில்லங்கம்தான் கூடும். பெயர், இடம், நேரம், படம் என்று நீங்கள் நிரப்பும் ஒவ்வொரு கட்டமும் தெருவில் நேரில் இருப்பதோடு ஒத்துப்போகிறதா என்று கூகுளும் பார்க்கிறது, வாடிக்கையாளரும் பார்க்கிறார். தேடுபவருக்கு எந்தக் கடையை முன்னால் காட்டுவது என்பதற்குக் கூகுள் தானே சொல்லும் அளவுகோல்கள் மூன்று: தேடியதற்கும் கடைக்கும் உள்ள பொருத்தம், தேடுபவரிடமிருந்து தூரம், கடைக்கு உள்ள பெயர். தூரத்தை உங்களால் மாற்ற முடியாது. பெயர் நாள்பட வருவது. இன்று உங்கள் கையில் இருப்பது பொருத்தம் ஒன்றுதான். அது உண்மை விவரங்களை ஒழுங்காக நிரப்புவதிலேயே கிடைத்துவிடுகிறது.

இந்தச் சேவையின் இன்றைய பெயர் கூகுள் பிசினஸ் புரொஃபைல். 2014இல் கூகுள் மை பிசினஸ் என்று வந்தது, 2021இல் பெயர் மாறியது. பழைய யூடியூப் வீடியோக்களைப் பார்த்து அந்தப் பெயரில் செயலியைத் தேடி அலைய வேண்டாம், அது இப்போது இல்லை. அவற்றில் காட்டப்படும் இலவச இணையதளம் கட்டும் வசதியும் 2024 மார்ச்சில் நிறுத்தப்பட்டது. இப்போது எல்லாமே கூகுள் தேடல் பக்கத்திலும் மேப்ஸ் செயலியிலும் வைத்தே நடக்கிறது. பதிவுக்குக் கட்டணம் கிடையாது.

படி 1: கணக்கு யார் பெயரில்?

எல்லாரும் அவசரமாகத் தாண்டிப்போகும் படி இதுதான். பிற்பாடு அதிகம் அழவைப்பதும் இதுதான். பிரௌசிங் சென்டரில் உட்கார்ந்திருக்கும் தம்பியோ, கல்லூரியில் படிக்கும் அக்கா மகனோ தன் சொந்த ஜிமெயிலில் பத்து நிமிடத்தில் பதிவைச் செய்து தந்துவிடுவார். மூன்று வருடம் கழித்துக் கடையின் தொலைபேசி எண் மாறும்போதுதான் சாவி தன்னிடம் இல்லை என்று உரிமையாளருக்கு உறைக்கும். அந்தத் தம்பி வேறு ஊரில் இருப்பார், கடவுச்சொல் மறந்திருப்பார். அதனால் கடைக்கென்று ஒரு ஜிமெயில் கணக்கை உங்கள் கைபேசி எண்ணிலேயே தொடங்குங்கள். கடவுச்சொல்லைக் கணக்கு நோட்டில் எழுதி வீட்டில் வையுங்கள். இரண்டடுக்குச் சரிபார்ப்பை இயக்குங்கள்.

"எனக்குக் கம்ப்யூட்டர் தெரியாது, இன்னொருவர் செய்துதானே ஆகவேண்டும்" என்பது சரியான மறுப்பு. அதற்கு வழி இந்தச் சேவைக்குள்ளேயே இருக்கிறது. பதிவில் உரிமையாளர், மேலாளர் என்று தனித்தனிப் பொறுப்புகள் உண்டு. நீங்கள் உரிமையாளராக இருந்துகொண்டு, உதவுகிறவரின் மின்னஞ்சலை மேலாளராகச் சேர்க்கலாம். படம் ஏற்றுவது, நேரம் மாற்றுவது எல்லாம் அவரால் முடியும். உங்களை நீக்கவோ பதிவை வேறொருவருக்கு மாற்றவோ முடியாது. வேலை முடிந்ததும் நீங்கள் அவரை நீக்கிவிடலாம்.

படி 2: ஏற்கெனவே பதிவு இருக்கிறதா?

நீங்கள் எதுவுமே செய்யாமல் உங்கள் கடை மேப்பில் இருக்கக்கூடும். வாடிக்கையாளர் யாராவது சேர்த்திருப்பார்கள். பெயரை எப்படியெல்லாம் எழுத்துக்கூட்டுவார்களோ அப்படியெல்லாம் தமிழிலும் ஆங்கிலத்திலும் தேடுங்கள். பிறகு மேப்பில் உங்கள் தெருவைப் பெரிதாக்கி, கடை இருக்கும் இடத்தில் ஏதாவது புள்ளி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் புதிதாகத் தொடங்காதீர்கள். அந்தப் பதிவிலேயே 'இது என் கடை' என்று உரிமை கோரும் இணைப்பு இருக்கும். வேறொருவர் முன்பே உரிமை பெற்றிருந்தால், கூகுள் வழியாக அவருக்குக் கோரிக்கை அனுப்பலாம். பதில் சொல்ல அவருக்கு 3 நாள் அவகாசம். பதில் வராவிட்டால் நீங்களே உரிமை கோர வாய்ப்பு கிடைக்கலாம். ஒரே கடைக்கு இரண்டு பதிவு இருந்தால் இரட்டைப் பலன் கிடைக்கும் என்று சிலர் நினைக்கிறார்கள். நடப்பது நேரெதிர்: மதிப்புரைகள் இரண்டாகப் பிரியும், ஒன்றில் பழைய எண் நிற்கும், சரிபார்ப்பும் தடைபடலாம்.

படி 3: பெயரும் வகையும்

கடைப் பலகையில் உள்ள பெயர்தான் பதிவின் பெயர். பலகையில் 'ஸ்ரீ முருகன் மாவு மில்' என்றிருந்தால் கட்டத்திலும் அவ்வளவே. 'ஸ்ரீ முருகன் மாவு மில் – மிளகாய், மல்லி, சத்துமாவு அரைக்கச் சிறந்த இடம்' என்று இழுக்கக் கூடாது. ஊர்ப் பெயர், தொலைபேசி எண், 'நம்பர் ஒன்' போன்ற பட்டங்கள் எல்லாம் விதிக்குப் புறம்பானவை.

இங்கே வரும் எதிர்வாதம் வலுவானது. "பக்கத்துத் தெருக்காரர் பெயரில் பத்து வார்த்தை சேர்த்திருக்கிறார், அவர் கடைதான் மேலே வருகிறது. நான் மட்டும் ஏன் நேர்மையாக இருந்து கீழே கிடக்க வேண்டும்?" பெயரில் உள்ள சொல் தேடலில் உதவுகிறது என்பது உண்மை, அதை மறுப்பதில் பயனில்லை. ஆனால் அந்தப் பலன் எந்த நிமிடமும் பறிபோகக்கூடியது. மேப்பில் உள்ள எந்தப் பதிவுக்கும் யார் வேண்டுமானாலும் திருத்தம் பரிந்துரைக்கலாம். போட்டியாளர் ஒருவர் உங்கள் பலகையைப் படம் எடுத்து அனுப்பினால் போதும். பெயர் திருத்தப்படலாம், பதிவே முடக்கப்படலாம். முடக்கத்தை எதிர்த்து மேல்முறையீடு செய்யும்போது அந்தப் பெயரிலும் முகவரியிலும் உள்ள ஆவணத்தைக் கேட்பார்கள். 'சிறந்த இடம்' என்று எந்தச் சான்றிதழிலும் இருக்காது. தீபாவளி வாரத்தில் பதிவு முடங்கினால், அதுவரை மேலே நின்றதன் லாபம் அந்த ஒரு வாரத்தில் போய்விடும். பெயரில் 'மிளகாய்த் தூள்' இருந்தே ஆகவேண்டும் என்றால் அதற்கும் நேர்வழி உண்டு. பெயின்டரைக் கூப்பிட்டுப் பலகையில் எழுதுங்கள், பில்லிலும் அச்சடியுங்கள், பிறகு பதிவில் சேருங்கள்.

உண்மையில் பெயரைவிட அதிகம் கவனிக்க வேண்டியது வகை. ஒரு முதன்மை வகையும் மேலும் ஒன்பது வகைகள் வரையும் சேர்க்கலாம். பட்டியலில் 'மில்' என்று தேடினால் நூற்பாலை, அரிசி ஆலை, மர ஆலை எல்லாம் வரும். அவசரத்தில் அரிசி ஆலை என்பதைத் தொட்டுவிட்டால் நெல் மூட்டை விலை கேட்டுத்தான் அழைப்புகள் வரும். மாவு ஆலை என்பதையே தேர்ந்தெடுங்கள். வகைக்கு இன்னொரு நன்மை, தேடுபவரின் மொழியில் அது தானாக மாறிக் காட்டப்படுகிறது. அதனால் தமிழில் ஒரு பெயர், ஆங்கிலத்தில் ஒரு பெயர் என்று பெயர்க் கட்டத்தில் அடைக்க வேண்டியதில்லை. ஒன்பது இடம் இருக்கிறதே என்று ஒன்பதையும் நிரப்பவும் வேண்டாம். மளிகைச் சாமான் விற்கிறீர்கள் என்றால் மட்டும் மளிகைக் கடையைச் சேருங்கள்.

படி 4: முகவரியும் புள்ளியும்

நம் ஊர் முகவரியில் பழைய எண், புதிய எண், குறுக்குச் சந்து, கோவிலுக்கு எதிரே என்று பல அடுக்குகள் உண்டு. உங்கள் மின் கட்டண அட்டையிலோ வரி ரசீதிலோ உள்ளபடி கதவு எண், தெரு, ஊர், ஆறிலக்கப் பின்கோடு ஆகியவற்றை எழுதுங்கள். பிள்ளையார் கோவில், டீக்கடை போன்ற அடையாளங்களை விவரக் குறிப்பில் சொல்லிக்கொள்ளலாம். எழுத்து முகவரியைவிட முக்கியமானது மேப்பில் குத்தும் புள்ளி. வழிகாட்டி ஆளைக் கொண்டுபோய் நிறுத்துவது அங்கேதான். நெருக்கமான தெருக்களில் புள்ளி பத்தடி தள்ளி விழுந்தாலே வண்டி பின்தெருவுக்குப் போய்விடும், அங்கிருந்து சுவர் ஏறிக் குதிக்கத்தான் வேண்டும். படத்தைச் செயற்கைக்கோள் காட்சிக்கு மாற்றி, கடையின் வாசலில், ஷட்டர் இருக்கும் பக்கத்தில் புள்ளியை வையுங்கள். பிறகு வேறொருவர் கைபேசியில் வழி கேட்டு, தெருமுனையிலிருந்து நடந்து பாருங்கள்.

குறிப்பு: வீட்டிலேயே தைப்பவர், வீடு வீடாகப் போகும் பிளம்பர், எலக்ட்ரீஷியன் ஆகியோர் முகவரியை மறைத்துவிட்டு, சேவை செய்யும் பகுதிகளை மட்டும் காட்டலாம். 20 பகுதிகள் வரை சேர்க்க இடம் உண்டு. தனியாக வீட்டில் வேலை செய்யும் பெண்கள் முகவரியை மறைத்து, தொழிலுக்கென்று தனி சிம் வைத்துக்கொள்வது நல்லது. வாடிக்கையாளரை நேரில் சந்திக்காமல் இணையத்தில் மட்டும் விற்பவர்களுக்கு இந்தப் பதிவு கிடையாது.

படி 5: நேரம், விவரக் குறிப்பு, படங்கள்

நேரத்தில் நடக்கும் வழக்கமான தவறு மதிய இடைவேளையை விட்டுவிடுவது. காலை 8 முதல் 1 வரை, மாலை 4 முதல் 8 வரை என்று ஒரே நாளுக்கு இரண்டு நேரம் கொடுக்க முடியும். 'காலை 8 – இரவு 8' என்று போட்டுவிட்டு இரண்டரை மணிக்கு ஷட்டரை இறக்கி வைத்திருந்தால், அங்கே வந்து நின்றவர் எழுதப்போகும் ஒற்றை நட்சத்திரத்தை யாராலும் நீக்க முடியாது, ஏனென்றால் அவர் எழுதுவது உண்மை. பொங்கல், தீபாவளி போன்ற நாட்களுக்குச் சிறப்பு நேரம் என்ற தனிக் கட்டம் உண்டு. மில்காரருக்கு அதில் கூடுதல் பயன்: மின்வாரியம் பராமரிப்புக்காக மின்சாரம் நிறுத்தப்போவதாக அறிவிக்கும் நாளை முன்னிரவே அதில் போட்டுவிடலாம்.

விவரக் குறிப்புக்கு 750 குறியீடுகள்தான் இடம். தமிழில் எழுதும்போது ஒரு கணக்கு தெரிந்திருக்க வேண்டும்: 'மாவு' என்பது நம் கண்ணுக்கு இரண்டு எழுத்து, கணினிக்கு நான்கு, ஏனென்றால் காலும் உகரக் குறியும் தனித்தனியாக எண்ணப்படுகின்றன. எனவே நினைத்ததைவிடச் சீக்கிரம் இடம் தீரும். எதையெல்லாம் அரைப்பீர்கள், மிளகாய்க்குத் தனி இயந்திரம் உண்டா, எவ்வளவு நேரத்தில் கிடைக்கும், வண்டி நிறுத்த இடம் உண்டா என்பவை முதல் இரண்டு வரிகளில் வரட்டும். தாத்தா காலத்துப் பெருமை கடைசியில் இருக்கட்டும். இணைய முகவரி எதையும் இதில் எழுதக் கூடாது.

படங்களை உங்கள் கைபேசியிலேயே பகல் வெளிச்சத்தில் எடுங்கள். பலகையோடு கடை முகப்பு, தெருவிலிருந்து பார்த்தால் தெரியும் கோணம், இயந்திரங்கள், உள்ளே ஆள் நிற்கும் இடம் ஆகிய நான்கு போதும். 10 கேபிக்கும் 5 எம்பிக்கும் இடைப்பட்ட ஜேபிஜி அல்லது பிஎன்ஜி கோப்புகளை ஏற்கும். 720க்கு 720 பிக்சல் இருந்தால் தெளிவாக இருக்கும். இணையத்திலிருந்து எடுத்த பளபளப்பான மாவுப் படம் வேண்டாம். வருகிறவர் பார்க்க விரும்புவது உங்கள் வாசல் எப்படி இருக்கும் என்பதைத்தான்.

படி 6: சரிபார்ப்பு

எந்த முறையில் சரிபார்ப்பது என்பதைக் கூகுளே தீர்மானிக்கிறது. தொலைபேசி, மின்னஞ்சல், அஞ்சலில் வரும் குறியீடு என்று பல முறைகள் இருந்தாலும் இப்போது பலருக்கும் வருவது வீடியோ. எத்தனையோ பேர் இங்கேதான் திரும்பத் திரும்ப நிராகரிக்கப்படுகிறார்கள். காரணம் பெரும்பாலும் படத்தின் தரம் இல்லை. வீடியோ மூன்று கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும்: கடை இந்த இடத்தில்தான் இருக்கிறதா, அங்கே இந்தத் தொழில்தான் நடக்கிறதா, எடுப்பவருக்கு அதன்மேல் அதிகாரம் இருக்கிறதா. இயந்திரத்தை மட்டும் அழகாக எடுத்து அனுப்பினால் நடுக்கேள்விக்குத்தான் பதில் கிடைக்கிறது. வெட்டாமல், ஒட்டாமல், ஒரே ஓட்டமாக, ஒன்று இரண்டு நிமிடத்துக்குள் இந்த வரிசையில் எடுங்கள்:

1. தெருப் பெயர்ப் பலகை அல்லது எல்லாருக்கும் தெரிந்த பக்கத்துக் கட்டடத்திலிருந்து தொடங்குங்கள்.
2. நடந்துவந்து உங்கள் கடைப் பலகையில் நிறுத்துங்கள், எழுத்து படிக்கும்படி மூன்று நொடி.
3. பூட்டைத் திறந்து ஷட்டரைத் தூக்குங்கள். அதிகாரத்துக்கு இதைவிட நல்ல சாட்சி இல்லை.
4. உள்ளே இயந்திரங்கள், தராசு, கல்லாப்பெட்டியைத் திறப்பது.
5. சுவரில் மாட்டியிருக்கும் உரிமம் அல்லது பதிவுச் சான்றிதழ்.

பாதுகாப்பு: ஆதார் அட்டை, வங்கிப் பாஸ்புக், வாடிக்கையாளர் முகம் எதுவும் வீடியோவில் விழக் கூடாது. ஓடும் இயந்திரத்தின் பெல்ட் அருகே கைபேசியை நீட்டி எடுக்காதீர்கள், நிறுத்திவிட்டு எடுத்தாலே போதும்.

"எனக்கு ஜிஎஸ்டியும் இல்லை, சான்றிதழும் இல்லை" என்பவர்கள் உத்யம் பதிவைச் செய்துகொள்ளலாம். 2020 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள மத்திய அரசின் இந்தப் பதிவுக்கும் கட்டணம் இல்லை. நிறுவனப் பெயரும் முகவரியும் உள்ள சான்றிதழ் கிடைக்கும். அதையும் மின் கட்டண ரசீதையும் படமெடுத்துக் கைபேசியில் தயாராக வையுங்கள். பதிவு முடங்கி மேல்முறையீடு செய்ய நேர்ந்தால், ஆவணம் ஏற்றக் கிடைப்பது ஒரு மணி நேரம்தான். அப்போது பீரோவைக் குடைந்துகொண்டிருக்க முடியாது.

படி 7: மதிப்புரைகள்

பதிவின் மதிப்புரை இணைப்பை வாட்ஸ்அப்பில் அனுப்பலாம், அல்லது க்யூஆர் அட்டையாகக் கல்லாவில் ஒட்டலாம். ஆனால் "ஐந்து நட்சத்திரம் போட்டால் ஒரு கிலோ இலவசமாக அரைத்துத் தருகிறேன்" என்பது விதிமீறல். திருப்தியானவரை மட்டும் தேர்ந்தெடுத்துக் கேட்பதும் அப்படியே. சொந்தக்காரர் பத்துப் பேரை வைத்து எழுதவைத்தால் என்ன என்று கேட்கலாம். வேறு ஊர்களிலிருந்து ஒரே நாளில் பத்துப் புகழுரை விழுவது இயல்பானதாகத் தெரியாது, கூகுள் நீக்கிவிடக்கூடும். படிக்கிறவரும் ஏமாளி இல்லை. இந்தியத் தர நிர்ணய அமைவனம் இணைய மதிப்புரைகளுக்கென்றே 2022இல் ஐஎஸ் 19000 என்ற தரத்தை வெளியிடும் அளவுக்கு இந்தப் பிரச்சினை நாட்டில் முற்றியிருக்கிறது.

மோசமான மதிப்புரை வந்தால் அன்றே பதில் எழுதாதீர்கள், ஒரு இரவு போகட்டும். குறை உண்மையென்றால் ஒப்புக்கொண்டு, என்ன மாற்றினீர்கள் என்று இரண்டு வரி எழுதுங்கள். உங்கள் பதிலைப் படிக்கப்போவது திட்டியவரைவிட அடுத்து வரவிருக்கும் நூறு பேர். புகார் செய்து நீக்கக் கூடியவை போலி, வசை, சம்பந்தமில்லாதவை போன்ற விதிமீறல்கள் மட்டும்தான். பிடிக்கவில்லை என்பதற்காக எதையும் நீக்க மாட்டார்கள்.

ஏமாற்று அழைப்புகள்

பதிவு வெளியான சில நாட்களில் அழைப்புகள் தொடங்கும். "கூகுளிலிருந்து பேசுகிறோம், உங்கள் பதிவு காலாவதியாகிறது, 2,999 கட்டுங்கள்" என்பது ஒரு வகை. "குறியீடு வந்திருக்கும், சொல்லுங்கள்" என்பது இன்னொன்று, இரண்டாவதுதான் அபாயம். அந்தக் குறியீட்டைச் சொன்னால் பதிவே கைமாறிவிடலாம். பதிவுக்குக் காலாவதி கிடையாது, முதலிடத்தைப் பணம் கொடுத்து வாங்கவும் முடியாது. கூகுளுக்குப் பணம் கட்டிச் செய்யும் விளம்பரம் தனிச் சேவை, அது விளம்பரம் என்று காட்டும் குறிப்போடுதான் வரும். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்கு அழைத்து இணையக் குற்றப் புகார் கொடுங்கள்.

மாதம் ஒரு முறை

மாதத்தில் ஒரு நாள் உங்கள் பதிவை வாடிக்கையாளர் போல வேறு கைபேசியில் தேடிப் பாருங்கள். யாரோ பரிந்துரைத்த திருத்தத்தால் தொலைபேசி எண் மாறியிருக்கலாம், 'நிரந்தரமாக மூடப்பட்டது' என்றுகூட இருக்கலாம். ஜஸ்ட்டயல், பிங், ஆப்பிள் மேப்ஸ் ஆகியவற்றிலும் கடை இருந்தால் பெயர், முகவரி, எண் மூன்றும் ஒரே எழுத்தாக இருக்கட்டும். கடையை அடுத்த தெருவுக்கு மாற்றும்போது பழையதை மூடிவிட்டுப் புதிய பதிவு தொடங்க வேண்டாம். அதே பதிவில் முகவரியைத் திருத்தி, புள்ளியை நகர்த்துங்கள். அதே தொழில், அதே பெயர் என்றால் அதுவரை சேர்ந்த மதிப்புரைகளும் வழக்கமாகக் கூடவே வரும். சில சமயம் மறுபடி சரிபார்க்கச் சொல்வார்கள். அப்போதும் புதிய வாசலில் பலகையை மாட்டிய பிறகே வீடியோ எடுங்கள்.